எடை குறைக்கும் முயற்சியில் இருக்கும்போது தீபாவளி விருந்தை மனநிறைவோடு சாப்பிட முடியுமா?

சில மாதங்களாக உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்து வருவதாகவும், தீபாவளி விருந்தில் கைவைத்தால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில் உறவினர் வீடுகளுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். போகாமல் இருக்க வேண்டிய தேவை இல்லை என்பதே என் பதில். சிங்கப்பூரில் பெரிய குடும்பம் ஒன்றில் ஆண்டுதோறும் தீபாவளி கொண்டாடிக்கொண்டே எடையைக் குறைத்து, அதை ஓரளவு தக்கவைத்தும் வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: பண்டிகையன்று சாப்பிடும் சாப்பாட்டைவிட, அதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்குள் நுழைந்து, அதற்குப் பின்னும் பல வாரம் மேசையை விட்டு நகராத சிவப்பு மூடி போட்ட பலகார டப்பாக்களே நீங்கள் கவனிக்க வேண்டியவை.

இதற்குக் கணக்கு உண்டு. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக உள்ளே போக வேண்டும் என்பது பொதுவாகப் பயன்படுத்தப்படும் அளவு. நாளொன்றுக்கு 1,800 கலோரி தேவைப்படும் ஒருவர், தீபாவளியன்று காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், மதியம் பிரியாணியும், மாலையில் போன வீடுகளில் எல்லாம் பலகாரமும் என்று 3,300 கலோரி வரை சாப்பிட்டுவிட்டாலும், மிகையாகச் சென்றது 1,500 கலோரிதான்; கொழுப்பாகப் பார்த்தால் அது 200 கிராம் அளவுக்குத்தான் வரும். ஆனால் அதே மனிதர், வேலை முடிந்து வந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஒரு முறுக்கையும் ஒரு கைப்பிடி மிக்சரையும் நாள்தோறும் கொறித்தால், நாளுக்கு 250 கலோரி வீதம் முப்பது நாளில் 7,500 கலோரி சேர்ந்துவிடும். அது கிட்டத்தட்ட ஒரு முழுக் கிலோ. விருந்து நம் கண்ணில் படுகிறது, கொறிப்பது படுவதில்லை.

மேற்கத்திய நாடுகளின் ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தைப் பற்றியும் இப்படி ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 195 பேரின் எடையைத் தொடர்ந்து அளந்து, 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நவம்பர் இறுதியிலிருந்து புத்தாண்டு வரையிலான விடுமுறைக் காலத்தில் கூடிய எடை சராசரியாக 0.37 கிலோதான், தங்களுக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று அவர்களே நினைத்தது இதைவிடப் பல மடங்கு அதிகம். கவலைக்குரிய செய்தி என்னவென்றால், கூடிய அந்தச் சிறு எடை அதற்குப் பின்வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அப்படியே அடுக்கிக்கொண்டே போனால் நாற்பது வயதில் சட்டை ஏன் இறுகுகிறது என்பது விளங்கிவிடும். அரசாங்கப் பொது விடுமுறைகள் 11 உள்ள நம் ஊரில், தீபாவளி பலகாரம் தீரும் முன்பே கிறிஸ்துமஸ் கேக்கும், அதைத் தொடர்ந்து சீனப் புத்தாண்டின் அன்னாசி டார்ட்டும் வந்து நிற்கின்றன.

பலகாரம் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முறுக்கு மாவை எண்ணெயில் பிழியும்போது சடசடவென்று நுரை எழும்புகிறதே, அது மாவில் உள்ள நீர் ஆவியாகி வெளியேறுவது. நுரை அடங்கும்போது முறுக்கு வெந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீர் வெளியேறிய துளைகளில் எண்ணெய் இடம்பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4 கலோரி என்பதால், 100 கிராம் முறுக்கு ஏறத்தாழ 500 கலோரியைத் தாங்கி நிற்கிறது. அதே 100 கிராம் சோற்றில் பெரும்பகுதி நீர் என்பதால் 130 கலோரிதான் இருக்கிறது. கையில் எடுத்தால் கனமே தெரியாத, வயிற்றையும் நிரப்பாத முறுக்கு, சோற்றைப் போல் நான்கு மடங்கு கலோரி கொண்டது. பலகாரத்தை வெறுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து, தேநீரோடு சாப்பிட வேண்டிய பொருள் அது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முதல் விதி, சுடுவதிலும் வாங்குவதிலும் தொடங்குகிறது. அச்சு முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி, நெய் பிஸ்கட் என்று எல்லா வகையும் வீட்டில் இருக்க வேண்டும் என்ற பழைய ஆசையை விட்டுவிட்டு, வீட்டார் உண்மையாகவே விரும்பும் இரண்டு மூன்று வகைகளை மட்டும் சுடுகிறோம். எனக்கு அதிரசம் இல்லாமல் தீபாவளி இல்லை. மிக்சர் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் குறையாது, எனவே அதை வாங்குவதே இல்லை. டப்பாக்களை மேசையில் வைக்காமல் மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். விருந்தினர் வரும்போது இறக்கினால் போதும். மீந்ததைத் தீபாவளி முடிந்த அந்த வாரமே அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவிடுங்கள். மலாய், சீன அண்டை வீட்டாருக்குப் பலகாரம் கொடுப்பது நம் அடுக்குமாடி வீடுகளில் எப்போதும் உள்ள வழக்கம்தானே. (என் பக்கத்து வீட்டு மலாய் அம்மா டப்பாவை வெறுமனே திருப்பித் தரமாட்டார் என்பது வேறு கதை.)

பண்டிகை நாளில் சாப்பிடுவதைப் பொறுத்தவரை, மதிய விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடப்பதுதான் மிகத் தவறான வழி. வெறும் வயிற்றோடு பிரியாணிச் சட்டியின் முன் உட்காருபவர் அளவு பார்த்துச் சாப்பிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது; புரட்டாசி முழுவதும் சைவமாக இருந்துவிட்டு ஐப்பசியில் ஆட்டுக்கறியைப் பார்ப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு இரண்டு மூன்று இட்லியைக் கறிக்குழம்போடு நிதானமாகச் சாப்பிடுங்கள். மதியம், சுகாதார மேம்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் தட்டு முறையை, அதாவது பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு சோறு, கால் தட்டு கறி அல்லது பருப்பு என்பதை, முழுமையாக இல்லாவிட்டாலும் ஓரளவு பின்பற்றலாம். பிரியாணியோடு வரும் வெள்ளரிப் பச்சடியையும் கத்தரிக்காயையும் ஓரத்தில் ஒதுக்காமல் முதலில் சாப்பிடுங்கள். காயையும் கறியையும் முன்னால் சாப்பிட்டுச் சோற்றைப் பின்னால் சாப்பிட்டால், உணவுக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை ஏறுவது தணிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குப் பின் பிடித்ததைக் குற்ற உணர்வு இல்லாமல் சாப்பிட்டு எழுந்திருங்கள்.

உறவினர் வீடுகளில் கடினமானது உணவு அன்று, உபசரிப்பு. "என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட, இன்னும் ரெண்டு வச்சுக்க" என்று என் அத்தை தட்டோடு வந்து நிற்கும்போது, எடை குறைக்கிறேன் என்று சொன்னால் அது விவாதத்துக்கு அழைப்பு விடுப்பதாகிவிடும். கூடத்தில் இருக்கும் அனைவரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அத்தை கையால் செய்த ஒன்றை எடுத்து, அவர் பார்க்க மெதுவாகச் சாப்பிட்டு, பக்குவத்தைப் பாராட்டி, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டால், இரண்டாவதை அவரே மறந்துவிடுவார். கிளம்பும்போது கட்டித் தருவதை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள், ஏனென்றால் அதுதான் நாளை உங்கள் வீட்டு மேசையில் இன்னொரு டப்பாவாகும்.

போகும் வீடெல்லாம் கொடுக்கும் பாக்கெட் பானத்தை நான் தொடுவதே இல்லை. 100 மில்லிலிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை உள்ள, பானங்களைச் சர்க்கரை, கொழுப்பு அளவின்படி ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரையில் சி தரம் பெறும் ஒரு 250 மில்லி பாக்கெட்டில் 20 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டி இருக்கிறது. நான்கு வீட்டில் நான்கு பாக்கெட் குடித்தால் பதினாறு தேக்கரண்டி. அந்த இனிப்பை உங்களுக்குப் பிடித்த பலகாரத்தில் செலவிடுவது எவ்வளவோ மேல். குடிக்கத் தண்ணீரோ சர்க்கரை இல்லாத தேநீரோ கேளுங்கள், எந்த வீட்டிலும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மறுநாள் காலையில் எடைக் கருவியில் ஏறாதீர்கள். ஒன்றரை கிலோ கூடியிருப்பதாக அது காட்டினாலும் அதில் பெரும்பகுதி நீர்தான்: உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரையும் சேர்த்தே பிடித்துவைக்கிறது, ஊறுகாயிலும் குழம்பிலும் உள்ள உப்பும் நீரைத் தேக்கிவைக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது வடிந்துவிடும். அதைக் கொழுப்பென்று நினைத்து இரண்டு நாள் பட்டினி கிடப்பதும், உடற்பயிற்சிக் கூடத்தில் தண்டனை அனுபவிப்பதும் வேண்டாம்; ஒரு மணி நேர வேக நடைக்குச் செலவாகும் 250, 300 கலோரியை இரண்டு குலாப் ஜாமூன் ஈடுகட்டிவிடும். சாப்பிட்ட பிறகு அடுத்த வீட்டுக்கு நடந்தே போவது சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும், ஆகவே நடங்கள். அதைக் கடன் தீர்ப்பதாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், மேலே சொன்ன எதையும்விட முதன்மையானது வேளை தவறாமல் சாப்பிடுவது. ஒரு வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருந்தின் அளவையும் நேரத்தையும் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத் தாதியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.