ஒரு சொட்டு ரத்தமும் தோல் உரியாத கிழங்கும்

கேள்வி: ஒரே ஒரு சொட்டு ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்து நுரையீரல் புற்றுநோயைச் சொல்லிவிடலாமாமே? நாற்பது வருடமாகப் பீடி பிடிக்கும் அப்பாவுக்கு எடுக்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: அந்த 'ஒரே ஒரு சொட்டு'தான் என்னை உறுத்துகிறது. மரவள்ளி அரைக்கும் ஊர்க்காரர் நீங்கள். தோல் சரியாக உரியாமல் அரைத்தால் மாவின் வெள்ளை போகும். பிடுங்கிய கிழங்கை மூன்று நாள் போட்டுவைத்தால் உள்ளே கருநீலம் ஓடிவிடும். அதை ரசாயனம் போட்டு வெளுக்கிறவர்களை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்தாயிற்று, இன்னும் கண்டிப்பேன். வெளுத்ததெல்லாம் நல்ல ஜவ்வரிசி ஆகாது.

ரத்தமும் அப்படியே. விரலைப் பிதுக்கினால் சிவப்பணு உடையும். அதற்குள் நிறைந்திருக்கும் மிர்-451, மிர்-16 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. இரண்டும் பிளாஸ்மா என்கிற ரத்த நீரில் கொட்டி, கணக்கையே புரட்டிவிடும். ஆகவே கை நரம்பில், ரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்திட்ட குழாயில் எடுக்க வேண்டும். ஹெப்பாரின் என்ற இன்னொரு உறைதடுப்பு மருந்திட்ட குழாய் கூடாது, அது துணுக்குகளைப் பெருக்கி எண்ணும் பி.சி.ஆர். சோதனையை முடக்கும். சீக்கிரமே இருமுறை சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். 414 நானோமீட்டர் ஒளியில் சோதித்து, சிவப்பணு உடைந்த மாதிரியைக் கழித்துவிட வேண்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும், சுமார் 22 எழுத்து நீள ஆர்.என்.ஏ. துணுக்கு. 1993-ல் ஒரு புழுவில் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் கிடைத்தது. லெட்-7 என்ற துணுக்கு, செல்லைப் பெருகத் தூண்டும் ராஸ் மரபணுவைக் கட்டிப்போடும். நுரையீரல் கட்டிகள் பலவற்றில் அது குறைந்துபோகிறது. மிர்-21 கூடுகிறது, ஆனால் அது குடல், மார்பகப் புற்றிலும் கூடும். ஒன்றை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 24 துணுக்குகளைச் சேர்த்து, 939 பேரின் மாதிரிகளில் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். சி.டி. ஸ்கேன் மட்டும் எடுத்தபோது 19.4 சதவீதமாக இருந்த பொய் எச்சரிக்கை (புற்று இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டுவது), ரத்தச் சோதனையையும் சேர்த்தபோது 3.7 ஆனது. ஆக, ரத்தச் சோதனை சி.டி.க்குத் துணையாகத்தான், பதிலாக அல்ல.

அப்பா பீடியை இன்றே விடட்டும். குறைந்த கதிர் சி.டி. தேவையா என்று நெஞ்சக நோய் மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு காசநோய் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். பழைய தழும்பும் சி.டி.யில் புள்ளியாகத் தெரியும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். சளியில் கிருமி இல்லை, இருமலும் நிற்கவில்லை என்றால், ஊகத்தில் காசநோய் மாத்திரையைத் தொடராமல் சி.டி.க்குப் போங்கள். சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வரை போனால், எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணுச் சோதனைகளுக்கும் சதை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். முதல் சோதனையிலேயே அது தீர்ந்துவிட்டால் மறுபடியும் ஊசி குத்த நேரும்.