தேர்தலை நடத்துபவரே தேர்தலில் நிற்கிறார்: அமெரிக்க மாநிலச் செயலர் பதவி பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3 தேர்தலில் பல மாநிலங்கள் தங்கள் மாநிலச் செயலரையும் தேர்ந்தெடுக்கின்றன. வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவு அமைச்சரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் மாநில அளவிலான அதிகாரி. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் நிர்வாகத்தின் தலைவர். ஜார்ஜியாவில் குடியேறி, அங்கே வாக்குச்சாவடிப் பணியாளராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில் வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள்.

ஐயா, நம் தேர்தல் ஆணையம் போல அமெரிக்கா முழுவதற்கும் ஓர் ஆணையம் கிடையாதா? (கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது பார்ப்பது வேட்பாளர்களின் பணக் கணக்கை மட்டும்தான். வாக்காளர் பட்டியல், வாக்குச்சீட்டு, இயந்திரம், எண்ணிக்கை எல்லாம் மாநிலச் சட்டப்படி நடப்பவை. அதிபர் தேர்தல்கூட ஐம்பது மாநிலங்களும் தலைநகரும் தனித்தனியே நடத்தும் தேர்தல்களின் கூட்டுத்தொகைதான்.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடும் வேறு. 47 மாநிலங்களில் மாநிலச் செயலர் இருக்கிறார். 35 மாநிலங்களில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், டென்னசி மூன்றிலும் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. டெக்சாஸ், பென்சில்வேனியா, புளோரிடா போன்றவற்றில் ஆளுநர் நியமிக்கிறார். (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பதவியின் பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. விஸ்கான்சினிலும் இல்லினாயிலும் மாநிலச் செயலர் இருக்கிறார். தேர்தலை நடத்துவது வேறு வாரியம்.

கட்சிப் பெயரோடு போட்டியிட்டு வென்றவர் நடுநிலையாகத் தேர்தல் நடத்துவாரா? வேலியே பயிரை மேய்வது போல இல்லையா? (திருச்சியிலிருந்து ஒரு சட்ட மாணவி)

மேய்ந்ததும் உண்டு, மேயாமல் காத்ததும் உண்டு. எந்த இடத்தில் மேய முடியும் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி, அம்மா.

2000-ஆம் ஆண்டு புளோரிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அதே மாநிலத்தில் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர். ஏறத்தாழ அறுபது இலட்சம் வாக்குகளில் புஷ் 537 வாக்கு முந்தியிருப்பதாகச் சான்றளித்தவர் அவர்தான். அவர் வாக்கை மாற்றி எண்ணவில்லை. எண்ணும் வேலை அவரிடம் இல்லை. மறுஎண்ணிக்கைக்கு எவ்வளவு நாள், தாமதமாக வரும் கணக்கை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவுகள்தாம் அவர் கையில் இருந்தன. அவ்வளவு நெருக்கமான போட்டியில் அதுவே போதுமானதாக இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் டிசம்பர் 12-ஆம் தேதி முடிந்தது. பின்னர் புளோரிடாவில் அந்தப் பதவி ஆளுநரின் நியமனமாகிவிட்டது. அதற்கான அரசியல் சட்டத் திருத்தத்தை மக்கள் 1998-இலேயே நிறைவேற்றியிருந்தார்கள், நடைமுறைக்கு வந்தது 2003-இல். இடைப்பட்ட காலத்தில்தான் இந்தக் கூத்து.

2004-இல் ஒஹாயோ. அங்கே மாநிலச் செயலர் கென் பிளாக்வெல்லும் புஷ் பிரசாரத்தில் கௌரவப் பொறுப்பில் இருந்தவர். வாக்காளர் பதிவுப் படிவம் இன்ன கனமுள்ள தடித்த காகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஓர் உத்தரவு போட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும் அது தளர்த்தப்பட்டது. காகிதத்தின் கனத்தில் ஒருவர் வாக்குரிமை தொங்கியது என்றால் நம்புவதற்குக் கடினம்தான், ஆனால் நடந்தது அதுதான். எண்ணிக்கைக்கு முன்னால் பட்டியலும் படிவமும், எண்ணிக்கைக்குப் பின்னால் சான்றளிப்பும். கண் வைக்க வேண்டிய இடங்கள் இவை.

அப்படியானால் எண்ணிக்கையில் அவர் கை வைக்க முடியாதா? (சேலம்)

மிகவும் கடினம். பெரும்பாலான மாநிலங்களில் எண்ணுவது கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற அலகு. ஜார்ஜியாவில் மட்டும் 159 கவுண்டிகள். இரு கட்சிகளின் பார்வையாளர்களும் பக்கத்தில் இருப்பார்கள். பெரும்பாலான இடங்களில் காகிதச் சீட்டு கைவசம் இருக்கும்.

தான் போட்டியிடும் தேர்தலைத் தானே நடத்தலாமா? சட்டம் தடுக்கவில்லையா? (சிங்கப்பூர் வாசகர்)

பெரும்பாலும் தடுக்கவில்லை. மறுமுறை அதே பதவிக்கு நிற்கும் ஒவ்வொரு செயலரும் தன் தேர்தலைத் தானே மேற்பார்வை செய்பவர்தான். அது யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. ஆளுநர் பதவிக்கு நிற்கும்போதுதான் சத்தம் கிளம்புகிறது.

2018 ஜார்ஜியா இதற்குப் பெயர்போனது. செயலராக இருந்த பிரையன் கெம்ப் குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸ். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அரசுப் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் கிடந்தன. அவற்றில் பெரும்பான்மை கறுப்பின மக்களுடையவை. அவர்கள் அடையாள அட்டை காட்டினால் வாக்களிக்கலாம் என்று கெம்ப் தரப்பு சொன்னது, அது உண்மைதான். ஆனால் “நிலுவையில்” என்று கடிதம் வந்தால் எத்தனை பேர் துணிந்து சாவடிக்குப் போவார்கள்? இனிஷியலை விரித்து எழுதியும், அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியும், ஓர் அட்டையில் இடைவெளி விட்டும் இன்னொன்றில் விடாமலும் பழகிய நம் ஆட்களுக்கு இந்த விதியின் வலி சொல்லாமலே புரியும். கெம்ப் ஏறத்தாழ 55,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். செயலர் பதவியை விட்டது வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள்!

அதே ஆண்டு கான்சாஸில் செயலர் கிரிஸ் கோபாக், தன் கட்சியின் (குடியரசுக் கட்சி) உட்தேர்தலில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், பதவியிலிருந்த ஆளுநரையே 343 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மறுஎண்ணிக்கை நடந்தால் விலகி நிற்கவேண்டும் என்ற நெருக்கடி வந்ததும் பொறுப்பைத் தன் உதவியாளரிடம் கொடுத்தார். ஒரே அலுவலகம், தலைவரின் துணைவர். விலகல் எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். நவம்பரில் தோற்றுப்போனார்.

இதில் ஒரு கட்சியை மட்டும் சொல்லக்கூடாது. 2022-இல் அரிசோனாவில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் செயலராக இருந்துகொண்டே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு, சுமார் 17,000 வாக்கில் வென்றார். எதிர்த்து நின்ற கேரி லேக், அவர் விலகியிருக்க வேண்டும் என்றார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால் ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியினர் சொன்னதும் அதையேதான். என் கருத்து: வேறு பதவிக்கு வேட்புமனு கொடுத்த அன்றே செயலர் விலக வேண்டும். சட்டமாகவே போடலாம். இரண்டு கட்சிக்கும் மனமில்லை.

டிரம்ப் தொலைபேசியில் வாக்குகளைத் தேடச் சொன்னாரே, அந்தச் செயலர் நினைத்திருந்தால் செய்திருக்க முடியுமா சார்? (சென்னை, மென்பொருள் பொறியாளர்)

ஜார்ஜியாவின் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைச் சொல்கிறீர்கள். 2021 ஜனவரி 2, ஏறத்தாழ ஒரு மணி நேர உரையாடல். 2020 அதிபர் தேர்தலில் டிரம்பைவிடப் பைடன் ஜார்ஜியாவில் 11,779 வாக்கு முந்தியிருந்தார். டிரம்ப் கேட்டது 11,780. அதற்குள் அந்த வாக்குகள் மூன்று தடவை எண்ணப்பட்டுவிட்டன: முதலில் இயந்திரத்தில், அடுத்துச் சுமார் ஐம்பது இலட்சம் சீட்டுகளையும் கையால், பிறகு மறுபடி இயந்திரத்தில். நவம்பர் 20-இல் சான்றளிப்பும், டிசம்பர் 14-இல் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் கூட்டமும் முடிந்துவிட்டன. ஆகவே அவர் நினைத்திருந்தாலும் வாக்கு எதுவும் முளைத்திருக்காது. குழப்பத்தை வேண்டுமானால் முளைக்கவைத்திருக்கலாம், அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அவர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கே வாக்களித்தவர்.

பரிசும் கிடைத்தது. 2021-இல் அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து அவரை நீக்கிச் சட்டம் இயற்றியது. 2022 உட்தேர்தலில் டிரம்ப் ஆதரவு பெற்ற ஜோடி ஹைஸ் எதிரே நின்றார். எல்லோரும் இவரைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். முதல் சுற்றிலேயே வென்றார். ஜார்ஜியாவில் வாக்காளர் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை, எந்தக் கட்சியின் உட்தேர்தலிலும் வாக்களிக்கலாம். எதிர்முகாம் வாக்காளர்கள் சிலரும் வந்து கைகொடுத்தார்கள். நவம்பரில் அவரை எதிர்த்தவர் பீ நுயென், வியட்நாம் அகதிகளின் மகள். நல்ல வேட்பாளர், வேறொரு ஆண்டாக இருந்திருந்தால் போட்டி இன்னும் இறுகியிருக்கும்.

2020 முடிவை ஏற்காதவர்கள் பலர் இந்தப் பதவிக்கு நின்றதாகப் படித்தேன். வென்றார்களா? (யாழ்ப்பாணம்)

நெவாடாவின் ஜிம் மார்ச்சன்ட் தலைமையில் ஒரு கூட்டணியே அமைத்துக்கொண்டு நின்றார்கள். போட்டி கடுமையாக இருந்த மாநிலங்களில் தோற்றார்கள்: அரிசோனாவில் மார்க் ஃபின்செம், மிச்சிகனில் கிறிஸ்டினா கராமோ, நெவாடாவில் மார்ச்சன்ட்டே. இண்டியானாவிலும் வயோமிங்கிலும் அந்தக் கருத்துக்காரர்கள் வென்றார்கள். அங்கே குடியரசுக் கட்சியின் சீட்டுக் கிடைத்தாலே பாதி வெற்றி.

நெவாடாவைத்தான் நான் அடிக்கடி சுட்டிக்காட்டுவேன். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், அந்த மாநிலம் குடியரசுக் கட்சி ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. செயலர் பதவிக்கு மட்டும் ஜனநாயகக் கட்சியின் சிஸ்கோ அகிலாரைச் சுமார் 2 சதவீத வித்தியாசத்தில் வெற்றிபெற வைத்தது. வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியை யாரும் படிப்பதில்லை என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

குடியுரிமை கிடைத்து முதல் முறை வாக்களிக்கப் போகிறேன் அண்ணா. செயலர் பதவிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? (அட்லாண்டா அருகிலிருந்து)

யாருக்கு என்று சொல்லமாட்டேன் தம்பி. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

“நேர்மையான தேர்தல்” என்று சொல்லாத வேட்பாளர் இல்லை. அந்த வாசகத்தைக் கடந்துபோய்விடுங்கள். தன் கட்சி தோற்ற தேர்தலைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று தேடுங்கள். பட்டியலிலிருந்து பெயர் நீக்குவது பற்றிப் பேசும்போது, நீக்கப்பட்டவர் திரும்பி வர வழி என்ன என்பதையும் சொல்கிறாரா என்று பாருங்கள். இறந்தவரையும் வீடு மாறியவரையும் நீக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்திய 90 நாட்களில் மொத்தமாக நீக்கும் வேலையை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இதுகூடத் தெரியாமல் மேடையில் பேசும் வேட்பாளர்கள் உண்டு. அடுத்து, கவுண்டித் தேர்தல் அலுவலர்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கட்சிக் கூட்டத்தில் கைதட்ட வருபவர்கள் அல்ல. இயந்திரம் பழுதானால் இரவு பதினொரு மணிக்கு யார் தொலைபேசியை எடுக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இது அடுத்த பதவிக்குப் படிக்கட்டா? (மதுரை)

பலருக்கு ஆம். மிச்சிகனின் ஜாஸ்லின் பென்சன், மெய்னின் ஷென்னா பெல்லோஸ், ராஃபென்ஸ்பெர்கர் மூவருமே 2026 ஆளுநர் போட்டியில் இறங்கியவர்கள். அரிசோனாவில் நெடுங்காலம் துணை ஆளுநர் பதவியே கிடையாது. ஆளுநர் போனால் செயலர் அந்த நாற்காலிக்கு வருவார். 1988-இல் ரோஸ் மோஃபர்டும் 2009-இல் ஜான் புரூவரும் அப்படி வந்தவர்கள். 2015-இல் ஓரிகனின் கேட் பிரவுனும் அதே வழி.

வேடிக்கையான வேட்பாளர்கள் உண்டா? (கோவை)

கலிபோர்னியாவில் 2014-இல் லீலண்ட் யீ என்ற மாநில செனட்டர் இந்தப் பதவிக்கு நின்றார். நடுவில் ஊழல், ஆயுதக் கடத்தல் குற்றச்சாட்டுகளில் எஃப்பிஐ கைது செய்தது. போட்டியிலிருந்து விலகினார், ஆனால் சீட்டிலிருந்து பெயரை எடுக்க வழியில்லை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். அதே மாநிலத்தில் 1974-இல் இந்தப் பதவியை வென்ற மார்ச் ஃபாங் யூ, அதற்கு முன் பெண்களுக்கான கட்டணக் கழிப்பறைகளை எதிர்த்துச் சட்டமன்ற வளாகத்தில் கழிப்பறைப் பீங்கானைச் சுத்தியலால் உடைத்தவர். இவரை வேடிக்கை என்று சொல்லமாட்டேன். கேட்டதைப் பெற்றார்.

அப்படியானால் நம் நாட்டு நியமன முறைதானே மேல்? (பெங்களூரு)

நியமித்தாலும் “யார் நியமிக்கிறார்” என்ற கேள்வி போகாது. தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவர் குழு வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது; நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரைக்கும் என்ற நிபந்தனையோடு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டத்தில் நீதிபதியின் இடத்தில் ஒன்றிய அமைச்சர். விஸ்கான்சின் போல இரு கட்சியினரும் சமமாக இருக்கும் ஆறு பேர் வாரியம் இன்னொரு வழி. அதில் மூன்றுக்கு மூன்று என்று முட்டிக்கொண்டு நின்றுவிடும் அபாயம் உண்டு. இருந்தாலும், ஒருவரின் அவசர முடிவைவிட அறுவரின் இழுபறி எனக்குப் பரவாயில்லை.

நான் எச்1பி விசாவில் மிச்சிகனில் இருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது வாக்காளர் பதிவு பற்றியும் ஏதோ கேட்டார்கள். நான் என்ன குறித்தேன் என்று நினைவில்லை. பிரச்சினையாகுமா? (டெட்ராய்ட் அருகிலிருந்து)

இதை அலட்சியமாக விடாதீர்கள். மிச்சிகனில் ஓட்டுநர் உரிமம் கொடுப்பதும் வாக்காளர் பதிவும் மாநிலச் செயலரின் அலுவலகத்திலேயே நடப்பவை. குடியுரிமை இல்லாதவர் “நான் குடிமகன்” என்று தவறுதலாகக் குறித்துப் பதிவாகிவிட்டால், பிற்காலத்தில் கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களில் பெரிய சிக்கலாகும். வாக்களித்துவிட்டால் அது குற்றம். செயலரின் இணையதளத்தில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், கடிதம் எழுதுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்; அவர் சொல்கிறபடி எழுத்து மூலம் பதிவை ரத்து செய்யக் கேட்டு, நகலைப் பத்திரப்படுத்துங்கள். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தாலும் பிரிக்காதீர்கள்.