கறுப்பு காரில் திரும்ப வரும் வட்டக் கோடுகள்

வணக்கம் நண்பரே. ரோட்டரி மெஷினில் (ஒரே அச்சில் சுழலும் பாலிஷ் மெஷின்) கம்பளிப் பேட் போட்டு பாலிஷ் செய்து கிளேஸ் (பளபளப்பு தரும் எண்ணெய்ப் பூச்சு) பூசியபோது பளபளத்த கறுப்பு பெயின்ட், இரண்டு வாஷிலேயே வெயிலில் வட்டக் கோடுகளைக் காட்டுகிறது என்கிறீர்கள். அவை புதுக் கோடுகள் இல்லை. கம்பளி அன்றே இழுத்தவை. கிளேஸில் இருக்கும் எண்ணெய் அவற்றை மூடியிருந்தது, ஷாம்பு அதைக் கழுவிவிட்டது.

மறுபடி கிளேஸ் பூசி மறைக்காதீர்கள், தயவுசெய்து. காரைக் கழுவி, கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். உண்மையான நிலை அப்போதுதான் தெரியும். பிறகு மென்மையான ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் (கடைசிக் கட்டத்துக்கான நுண்ணிய பாலிஷ்) பட்டாணி அளவில் நாலு பொட்டு. நிழலில், ஒன்றரை அடிச் சதுரமாக, 1000 ஆர்பிஎம் அளவில், அழுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள். பேட் தட்டையாகவே இருக்கணும். ஒரு பக்கம் சாய்ந்தாலே கோடு விழும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுழன்றுகொண்டே அசையும் வகை) கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பானெட் மடிப்பு, கதவு விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசு. மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் ஆல்கஹாலில் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் கிளேஸ் வேண்டுமானால் பூசலாம், ஆனால் அதன்மேல் மெழுகு கட்டாயம்.