கர்ப்பத்தில் வந்த மலேரியா பிறக்கும் குழந்தைக்கும் வருமா?

ஏழாம் மாதத்தில் மலேரியா வந்து மாத்திரையில் சரியாகிவிட்டது, இனி குழந்தைக்கு வருமா, தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஸ்லைடில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு.

வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. வந்தாலும் சட்டென்று யாருக்கும் மலேரியா என்று தோன்றாது, அதுதான் தொல்லை.

ஒருமுறை பிறந்து 11 நாளான குழந்தையின் ரத்தம் வந்தது. எட்டாம் நாளிலிருந்து காய்ச்சல், பால் குடிக்கவில்லை, லேசாக மஞ்சள். ரத்தத்தில் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது. மெஷின் பிளேட்லெட்டை 40 ஆயிரம் என்று காட்டியது. எண்ணிக்கை இவ்வளவு குறைந்தால் கண்ணாலும் ஒருமுறை பார்ப்பது எங்கள் வழக்கம். பார்த்தால், உப்பிய சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக வைவாக்ஸ், மலேரியாக் கிருமியில் ஒரு வகை! பச்சைக் குழந்தையிடம் அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஸ்லைடு மாறிவிட்டதோ என்று இன்னொன்று போட்டேன். அதிலும் அதே.

கொசு கடித்து வைவாக்ஸ் காய்ச்சல் வரப் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். எட்டாம் நாளே காய்ச்சல் என்றால் அது அம்மாவிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். விசாரித்தபோது, கர்ப்பத்தில் குளிர்காய்ச்சல் வந்து மாத்திரை சாப்பிட்டதை அந்த அம்மா அப்போதுதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதுவரை யாரும் கேட்கவே இல்லையே.

எல்லாக் குழந்தைக்கும் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தியும், பிறந்த குழந்தைக்கே உரிய ஹீமோகுளோபினும் கொஞ்ச நாள் கிருமியை அடக்கி வைக்கும். அதனால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வெளிப்படுவதுதான் அதிகம், சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். அதுவரை காய்ச்சல், சோர்வு, வெளிறல், மஞ்சள், வயிறு உப்பல் எது வந்தாலும், "கர்ப்பத்தில் எனக்கு மலேரியா இருந்தது, ஸ்லைடு பாருங்கள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். ஒரு ஸ்லைடில் இல்லை என்று வந்தாலும் அடுத்த ஒன்றிரண்டு நாளில் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி குறைவாக இருந்தால், ஒரு சொட்டு ரத்தத்தில் உடனே முடிவு காட்டும் ரேபிட் கிட் அதைத் தவறவிடலாம்.

எந்த வகை மலேரியா என்ற பழைய ரிப்போர்ட்டையும் தேடி எடுத்து வையுங்கள். இன்னொரு வகையான ஃபால்சிபாரம் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொண்டு பதுங்கும், உங்கள் விரல் ரத்தத்தில் தெரியாமலும் போகலாம். வைவாக்ஸ் ஈரலில் தூங்கும். அதை அழிக்கும் பிரைமாகுயினைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க மாட்டார்கள், ஆகவே பிரசவத்துக்குள் திரும்ப வரலாம். அது வராமலிருக்க வாரம் ஒருமுறை குளோரோகுயின் தேவையா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

குழந்தை விஷயத்தில் ஒரு நிம்மதி: அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்த கிருமி ஈரலுக்குப் போவதில்லை. அதனால் வைவாக்ஸ் வந்தாலும் குழந்தைக்குப் பிரைமாகுயின் தேவைப்படாது. ஆறு மாதத்துக்குள் அதைக் கொடுக்கவும் கூடாது. ஃபால்சிபாரத்துக்குத்தான் மருந்தளவு திண்டாட்டமாக இருந்தது, பெரிய பிள்ளைகளின் மாத்திரையைக் கணக்குப் போட்டுத்தான் கொடுப்பார்கள். 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கென்றே செய்த மருந்துக்கு 2025 ஜூலையில்தான் சுவிட்சர்லாந்து அனுமதி கொடுத்தது.

அப்புறம் தாய்ப்பால். பால் வழியாக மலேரியா பரவாது, தாராளமாகக் கொடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் பிரைமாகுயின் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும், அதற்கு முன் உங்களுக்கும் குழந்தைக்கும் ஜி6பிடி சோதனை செய்ய வேண்டும். ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி, அது குறைவாக இருந்தால் பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

அந்தக் குழந்தைக்குக் குளோரோகுயின் மூன்று நாள் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வந்த ஸ்லைடை நான்தான் பார்த்தேன், வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாக. ஒன்றும் இல்லை.