பிரைமரி நின்ற மறுநாள் செகண்டரியும் ஏன் நின்றது?

கேள்வி: ஹட்டனில் உள்ள எங்கள் கல்வி நிலையத்தின் டொமைனுக்கு (இணையப் பெயருக்கு) முகவரி சொல்லும் பிரைமரி டிஎன்எஸ் சர்வர் அலுவலகத்திலேயே இருக்கிறது. அதன் நகலை வைத்துப் பதில் சொல்லும் செகண்டரி கொழும்பில் வாடகை சர்வரில் ஓடுகிறது. இணையத்தளமும் மின்னஞ்சலும் அங்கேதான். மழைக்கு மரம் விழுந்து இங்கே கரண்டும் ஃபைபரும் போய்விட்டன. முதல் நாள் எல்லாம் ஓடியது, மறுநாள் நின்றுவிட்டது. செகண்டரி சர்வர் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டிலும் பைன்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று: கொழும்பு சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அதன் அமைப்பில் ஸோனுக்கு, அதாவது உங்கள் டொமைனின் பதிவுத் தொகுப்புக்கு, கோப்புப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், தரவு மெமரியில் மட்டும்தான் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் போய்விடும். கோப்பு இருந்தால் உடனே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அப்புறம் டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி கேட்க உதவும் டிக் கட்டளையால் கொழும்பு சர்வரிடமே உங்கள் டொமைனின் எஸ்ஓஏ பதிவை (ஸோனின் சீரியல் எண்ணும் கால அளவுகளும் உள்ள பதிவை) கேளுங்கள். ‘ஏஏ’ (அதிகாரபூர்வமான பதில்) என்ற குறியோடு பதில் வந்தால் அந்த சர்வரில் குறையில்லை; டொமைன் பதிவகத்தில் அதன் பெயரும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் அந்த ஸோன் அங்கே அமைக்கப்படவே இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ‘சர்வ்ஃபெயில்’தான் வரும் என்று நினைக்கிறேன். எஸ்ஓஏவில் உள்ள எக்ஸ்பயர் காலம் முடிந்துவிட்டது என்பதற்கான வழக்கமான அடையாளம் அது.

பிரைமரியோடு தொடர்பு அற்ற பிறகு எவ்வளவு காலம் செகண்டரி பதில் சொல்லலாம் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. 86400 செக்கன் என்றால் ஒரே நாள். மலையகத்தில் மண்சரிவு வந்தால் லைன் திரும்ப ஒரு நாள் எப்படிப் போதும்? 1996இல் வந்த ஆர்எஃப்சி 1912 என்ற இணைய வழிகாட்டி ஆவணம் இரண்டு முதல் நான்கு வாரம் வரை வைக்கச் சொல்கிறது. நான் 1209600க்குக் கீழே, அதாவது 14 நாளுக்குக் கீழே, வைக்கவே மாட்டேன்.

இந்தக் கணக்கு கரண்ட் போன நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, கடைசியாக வெற்றிகரமாகப் புதுப்பித்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. ஃபயர்வோலில் நகல் வரும் வழியான டிசிபி 53 அடைபட்டிருந்தால், பிரைமரியில் சீரியல் எண்ணை (பதிவுகளை மாற்றும்போதெல்லாம் கூட்டும் எண்ணை) மாற்றிய நாளிலிருந்தே நகல் வராமல், காலம் கரைந்துகொண்டிருந்திருக்கும். லொக்கில் ட்ரான்ஸ்ஃபர் (நகல் எடுக்கும்) தோல்விகளைத் தேடிப் பாருங்கள்.

இப்போதைக்கு வழி, கொழும்பு சர்வரைப் பிரைமரி ஆக்குவதுதான். பைன்ட் 9.9 முதல் செகண்டரியின் கோப்பு வழக்கமாக ‘ரோ’ வடிவில் இருக்கும், எடிட்டரில் திறந்து படிக்க முடியாது. நேம்ட்-கம்பைல்ஸோன் கருவியால் அதை எழுத்து வடிவுக்கு மாற்றி, எக்ஸ்பயரையும் சீரியலையும் கூட்டி, ஸோனின் வகையைப் பிரைமரி என்று மாற்றி, அமைப்பை ரீலோட் செய்யுங்கள். சிலருக்கு உடனே திறக்காது. தோல்விப் பதிலையும், பயனர்களுக்காக முகவரி தேடித் தரும் ரிசோல்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும், பொறுங்கள்.

ஹட்டனில் கரண்ட் வந்ததும் பழைய சர்வரை அப்படியே லைனில் போடவேண்டாம், பழைய பதிவுகளைத்தான் அது சொல்லும். கொழும்பின் புதிய கோப்பை அதில் வைத்து, சீரியலை இன்னும் ஒன்று கூட்டி ஏற்றிவிட்டு, அதன் பிறகே கொழும்பை மறுபடி செகண்டரி ஆக்குங்கள். சீரியல் குறைவாக இருந்தால் செகண்டரி புதிய நகலை எடுக்காது.