கல்லில் கோடு இருந்தால் அது படிவுப்பாறையா?

கேள்வி: பள்ளிச் செயல்திட்டத்துக்காக என் மகள் கற்களைச் சேகரித்து வகை பிரிக்கிறாள். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறிப் பட்டையாக ஓடும் ஒரு கல்லை, அடுக்கு தெரிவதால் படிவுப்பாறை என்கிறாள். பாடநூலில் உருமாறிய பாறையின் படத்திலும் அதே போன்ற பட்டைகள் இருக்கின்றன. எப்படி முடிவு செய்வது?

பதில்: நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். சிறிதளவு இரும்புத் துரு கலந்தாலே எந்தப் பாறையும் சிவந்துவிடலாம். கோட்டையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, புதிதாக உடைந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உடைக்க வேண்டியிருந்தால் கல்லைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பெரியவர்களே உடைக்க வேண்டும். துகள்கள் ஒன்றையொன்று எப்படிப் பற்றியிருக்கின்றன என்பதுதான் கேள்வி.

படிவுப்பாறையில் அவை ஒட்டவைக்கப்பட்டவை. ஆறோ காற்றோ கொண்டுவந்து சேர்த்த மணல், மேலே மேலே படிந்த சுமையில் இறுகுகிறது. நிலத்தடி நீரில் கரைந்துவந்த சுண்ணமோ சிலிக்காவோ இடைவெளிகளில் தங்கிப் பசையாகிறது. ஆகவே உருண்டை மணிகளும் நடுவே நுண்துளைகளும் தெரியும். பல மணற்கற்களைத் தேய்த்தாலே மணல் உதிரும். அடுக்குக்கு அடுக்கு துகளின் அளவு மாறும். வேகமாக ஓடிய நீர் பருமணலை விட்டுச்செல்லும், அமைதியான நீர் வண்டலை விட்டுச்செல்லும்.

உங்கள் மகளின் கல்லில் பட்டை வந்த வழி வேறாக இருக்கலாம். ஆழத்தில் புதைந்த பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும், உருகாமல் திடநிலையிலேயே, மறுபடிகமாகிறது. மைக்கா போன்ற தகட்டுக் கனிமங்கள் அழுத்தம் வந்த திசைக்குக் குறுக்காக வரிசைகட்டுகின்றன. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் வெளிர் பட்டையாகவும், இரும்பு மிகுந்த கனிமங்கள் கரும் பட்டையாகவும் பிரிகின்றன. இதுதான் நைஸ் என்னும் உருமாறிய பாறை. அடுக்கே இல்லாத கிரானைட்டும் இப்படிப் பட்டை பட்டையாக மாறும் என்பதால், கோட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நைஸில் படிகங்கள் இடுக்கின்றிப் பின்னிக்கிடக்கும். பட்டைகள் பெரும்பாலும் நெளிந்தும் மடிந்தும் இருக்கும்.

படிகங்கள் பின்னிக்கிடந்தும் எந்தத் திசையிலும் வரிசை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் தீப்பாறை என்று கருதலாம். உருகிய குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தால் கிரானைட். தரைக்கு மேல் விரைவாகக் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களுடன் பசால்ட். கல் வணிகத்தில் மெருகேறும் கடினமான பாறைகளை எல்லாம் கிரானைட் என்றே விற்பார்கள். அந்த வணிகப் பெயரை அப்படியே செயல்திட்டத்தில் எழுத வேண்டாம்.

இன்னும் ஐயம் இருந்தால் எஃகுக் கத்தி உதவும். கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் ஏறத்தாழ 5.5; குவார்ட்ஸ் 7, சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட் 3. வெள்ளைப் பகுதியில் எளிதாகக் கீறல் விழுந்தால் அது கால்சைட்டாக இருக்கலாம். கீறிய பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். சுண்ணாம்புக்கல்லும் அது உருமாறிய சலவைக்கல்லும் இரண்டுமே நுரைக்கும் என்பதால், அவற்றைப் பிரிக்க மீண்டும் உருப்பெருக்கிதான் வேண்டும்: சலவைக்கல்லின் உடைந்த முகம் சர்க்கரைக் கட்டி போல மினுங்கும்.

வெள்ளைப் பட்டையில் கீறல் விழவில்லை, கரும் பட்டையில் ஊசி முனைக்கு மினுமினுக்கும் தகடுகள் உரிகின்றன என்றால் தயங்காமல் நைஸ் என்று எழுதச் சொல்லுங்கள்.