பத்தலுங் பக்கம் மூன்று நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: பினாங்கில் இருக்கிறோம். மூன்று நாள் லீவில் தெற்குத் தாய்லாந்தின் கிராமப்புறத்தைப் பார்க்க ஆசை. ஹாட்யாயைத் தாண்டி எங்கே போகலாம்?

பத்தலுங் மாகாணத்துக்குப் போங்கள். ஹாட்யாய் கடைத்தெருவுக்கும் கிராபி கடற்கரைக்கும் போகிற கூட்டம் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. பட்டர்வொர்த்தில் கேடிஎம் ரயில் ஏறி பாடாங் பெசார்; எல்லை கடந்து ஹாட்யாய்; அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். அடுத்த ரயிலுக்குக் கணக்குப் போடும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான். திராங், நக்கோன் சி தம்மராட் என்று பக்கத்து மாகாணங்கள் எல்லாவற்றையும் இதில் திணிக்க வேண்டாம். தலே நொய் ஏரிப் பக்கம் ஓரிடத்தில் தங்குங்கள், போதும்.

கே: தலே நொய்யில் தாமரை எப்போது பூக்கும்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும். படங்களில் நீங்கள் பார்த்தது தாமரை அல்ல, செவ்வல்லி. இரவில் விரிந்து வெயில் ஏறியதும் கூம்பிவிடும். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் போனால் இலையைத்தான் பார்க்க வேண்டும். விடியும் முன்பே படகில் இருங்கள். வாடகையை ஏறும் முன் பேசிவிடுங்கள். முதலில் பாக் ப்ரா கால்வாயின் முகத்துவாரம். அங்கே வரிசையாக நிற்கும் ராட்சதத் தூக்குவலைகளுக்குப் பின்னால் சூரியன் எழும். பிறகு அல்லிக் காடு, நீர்ப்பறவைகள், எருமைகள். தண்ணீர் ஏறினால் இந்த எருமைகள் நீந்திப் போய், தலையை உள்ளே விட்டு நீருக்கடியில் இருக்கும் செடியை மேயும். இந்த வளர்ப்பு முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2022-ல் உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. என்னைக் கேட்டால் பூவைவிட எருமைதான் அழகு. நவம்பர், டிசம்பரில் மட்டும் வேண்டாம், மழை விடாது.

கே: சாப்பாடு ரொம்பக் காரமாமே?

ஆமாம், நம் நாக்கும் தடுமாறும். குவா க்ளிங் என்பது கொத்துக்கறியை மஞ்சள், எலுமிச்சைப்புல், மிளகாய் அரைத்த மசாலாவில் சாறே இல்லாமல் வறுப்பது. கெங் தாய் ப்லா குழம்பில் புளிக்க வைத்த மீன்குடல் சேரும். கருவாட்டுக் குழம்பை விரும்புகிறவருக்குப் பிடித்துவிடும், மற்றவர் தள்ளி நிற்கலாம். காவ் யாமில் தொடங்குங்கள்: சோறு, வறுத்த தேங்காய்ப்பூ, காய்ந்த இறால் தூள், பொடியாக அரிந்த எலுமிச்சைப்புல், பம்ப்ளிமாஸ் சுளை, மேலே புடூ மீன்சாறு. பத்தலுங்கின் சிவப்பான சங்யோட் அரிசி கிடைத்தால் ஒரு கிலோ வாங்கி வாருங்கள்.

கே: நான் சுத்த சைவம்.

சிரமம்தான். காய்ப் பொரியலிலும் மீன்சாறு, இறால் விழுது இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' (சுத்த சைவம்) என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள். அங்கே முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. கிராமத்தில் அதுவும் அரிது. பழம், ஒட்டரிசிச் சோறு, முஸ்லிம் கடை வாழைப்பழ ரொட்டி (முட்டை வேண்டாமென்று முதலிலேயே சொல்லுங்கள்) என்று ஒப்பேற்றலாம்.

கே: தெற்கில் குண்டு வெடிக்கிறதே, பயமில்லையா?

2004 முதல் தொடரும் கிளர்ச்சி பெரும்பாலும் பத்தானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களிலும், அவற்றை ஒட்டிய சொங்க்லாவின் சில மாவட்டங்களிலும்தான். பத்தலுங் அதற்கு வடக்கே இருக்கிறது. அங்கே நான் கவலைப்படுவது வாடகை மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான்: மோட்டார் சைக்கிளுக்கு உரிய, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.